நாலு பேருக்கு அளவு போட்டா மிச்ச பதினெட்டு பேரு எங்க போறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர இருபது வருஷமா வாங்குறேன், கடிதம் எழுதறது இதான் முதல் தடவ. ரோடு சரியில்ல, தண்ணி வரலன்னு எழுதறதுக்குத்தான் இந்தப் பகுதின்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். ஆனா இந்தப் பொங்கலுக்கு நீங்க குடுத்த சமையல் இணைப்ப நம்பி நான் பட்ட பாட்ட யார்ட்டயாவது சொல்லியே ஆகணும். வெறுமன திட்டறதுக்கு எழுதலங்க, நல்லா வந்ததும் நிறைய இருக்கு, அதையும் சொல்றேன்.

உங்க இணைப்புல எந்தக் குறிப்ப எடுத்தாலும் கீழ ஒரு வரி இருந்துச்சு, 'நாலு பேருக்குப் போதுமானது'. பொங்கலுக்கு எந்த வீட்ல நாலு பேரு இருக்காங்க? தனித்தனியா இருக்கறவங்கள்லாம் ஒண்ணா கூடறதுக்குத்தான பண்டிகை. நாலு பேருக்கு சமைக்க எனக்கு பேப்பர் எதுக்கு, அதத்தான் வருஷம் பூரா தாம்பரத்துல செஞ்சிட்டிருக்கேன்.

எங்க மாமியார் வீடு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். 2025 பொங்கல் செவ்வாக்கிழமை வந்துச்சு, 17ம் தேதி வெள்ளிக்கிழமையும் அரசு லீவு விட்டதால சனி ஞாயிறு சேத்து ஆறு நாள் ஆயிருச்சு (அதுக்கு பதிலா 25ம் தேதி சனிக்கிழமை வேலைக்கு போனது தனிக்கதை). ஆறு நாள் லீவுன்ன உடனே எப்பவும் வராதவங்க கூட டிக்கெட் போட்டுட்டாங்க, கோயமுத்தூர்ல இருந்து பெரிய அத்தான் குடும்பம், மதுரைல இருந்து மதினி, மதினி பொண்ணுக்கு தலைப்பொங்கல் அதனால மாப்பிள்ளையும் அவங்க வீட்டாளுங்க ரெண்டு பேரும், எண்ணிப் பாத்தா இருபத்திரெண்டு பேரு. எப்பவும் அத்தைதான் சமையல பாத்துக்குவாங்க, நாங்கள்லாம் காய் நறுக்கறது, தேங்கா துருவறதுன்னு கூடமாட நிப்போம். இந்த வருஷம் அத்தைக்கு முட்டிவலி, நிக்கவே முடியல. கட்டில்ல உக்காந்துட்டு "நீயே பாரு, உனக்கு தெரியாததா"ன்னுட்டாங்க. எனக்கு தெரியாதுன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

அத்தைகிட்ட அளவு கேட்டா, "அது கைல வரும்"னாங்க. அவங்க கைல வரும், என் கைல எப்படி வரும்? ஒரு உழக்கு, அரை உழக்கு, ஒரு கைப்பிடி, நெல்லிக்கா அளவு புளின்னு சொல்லுவாங்க, அதுலயும் எந்த நெல்லிக்கா, அருநெல்லியா பெருநெல்லியான்னு நான் கேட்டதுக்கு ஒரு முறை முறைச்சாங்க பாருங்க. அதனாலதான் பையில இருந்த உங்க இணைப்ப எடுத்தேன். அத்தான் மகன் இஞ்சினியரிங் படிக்கறான், "சித்தி இது சிம்பிள், எல்லாத்தயும் அஞ்சரையால பெருக்கிருவோம்"னு போன்ல டேபிள் போட்டு குடுத்தான். இருபத்திரெண்டு வகுத்தல் நாலு அஞ்சரை. கணக்கு சரிதான். சமையல்தான் அந்தக் கணக்குக்கு வரல.

முதல்ல சக்கரப் பொங்கல். வாசல்ல பொங்கல்கட்டி (அடுப்புக்கு வைக்கற மண்கட்டி) வச்சு மஞ்சக்குலை கட்டின வெண்கலப் பானைல பொங்குறது சாமிக்கு, அது பச்சரிசியும் பாலும் மட்டும்தான், மிளகு சீரகம் போட்ட வெண்பொங்கல் எங்க பக்கம் அன்னைக்கு கிடையாது. அத பெரிய அத்தான் பாத்துக்கிட்டார், பனை ஓலை போட்டு எரிக்கறதுன்னா ஓலை குப்புன்னு எரிஞ்சு சட்டுனு அணைஞ்சிரும், ஒரு ஆளு நகராம உக்காந்து ஓலைய தள்ளிக்கிட்டே இருக்கணும், அவர் கண்ணு ரெண்டும் செவந்து போச்சு, ஆனா பால் கிழக்கு பக்கமா பொங்கி வழிஞ்சுது, எல்லாருக்கும் சந்தோசம். தெரு பூரா ஒருத்தர ஒருத்தர் பாத்து "பால் பொங்கிருச்சா"ன்னு கேக்கறத கேட்டாத்தான் எனக்கு பொங்கல் வந்த மாதிரியே இருக்கும்.

சக்கரப் பொங்கல் மட்டும் என் பொறுப்பு, பின்கட்டுல அண்டாவுல. உங்க குறிப்புல பச்சரிசி ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், தண்ணியும் பாலும் சேத்து ஆறு கப். பையன் டேபிள்படி அரிசி அஞ்சரை கப், தண்ணியும் பாலும் முப்பத்திமூணு கப். ஊத்தினேன். அரை மணி நேரம் ஆச்சு, அரிசி வெந்திருச்சு, ஆனா அது பொங்கலா இல்ல, மேல ஒரு சாண் தண்ணி நிக்குது, கரண்டிய விட்டா அடியில போய் அரிசிய தேட வேண்டியிருக்கு. இன்னும் கொதிக்கட்டும்னு விட்டா அடிபிடிக்கற வாசம் வர்ற மாதிரி இருக்கு. மணி எட்டே கால். மாப்பிள்ளை வீட்டாளுங்க திண்ணைல உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருக்காங்க. எனக்கு வேர்த்து ஊத்துது.

அப்பதான் அத்தை, தெருக்கோடி அண்ணாச்சிய கூப்பிட்டு விடுன்னாங்க. அவர் அந்தக் காலத்துல கல்யாண வீட்டுக்கெல்லாம் சமைச்ச தவசுப்பிள்ளை, இப்ப வயசாயிருச்சு, அடுப்பு பக்கம் போறதில்ல. வந்தவர் அண்டாவ எட்டிப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "வெல்லத்த போட்டுட்டியளா?" இன்னும் போடலன்னேன். "அப்பம் பொழச்சிய"ன்னார். வெல்லம் போட்டுட்டா அதுக்கப்புறம் அரிசி வேகாதாம், எவ்வளவு நேரம் கொதிச்சாலும் வெறைச்ச மாதிரியே நிக்குமாம், அதனால அரிசி கைல நசுங்கற பதம் வர்ற வரைக்கும் வெல்லம் கிட்டயே வரக்கூடாதுன்னார். (இது உங்க குறிப்புல இல்ல. 'வெல்லம் சேர்த்து கிளறவும்' அவ்வளவுதான் இருந்துச்சு.) வெல்லம் வேற இளகி தண்ணி விடும், அதனால இப்ப இருக்கற கஞ்சிய மேலாப்புல அகப்பையால மொண்டு எடுத்துரும்மான்னார். எடுத்தேன், ஒரு தூக்குவாளி நெறைய வந்துச்சு. மிச்சத்த தீய கொறச்சு கிளறி, வெல்லத்த கொஞ்சூண்டு தண்ணில கரைச்சு வடிகட்டி ஊத்தி, நெய்யும் முந்திரியும் போட்டு எறக்கினா, சத்தியமா சொல்றேன் நல்லா வந்துச்சு.

அதவிட பெரிய விஷயம் அந்த தூக்குவாளி. கீழ ஊத்த மனசு வரல, பாலும் பருப்பும் அரிசியும் கொழைஞ்ச கஞ்சி, கொஞ்சம் ஆறவிட்டு உடன்குடி கருப்பட்டி பாகு காய்ச்சி ஊத்தி சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டேன் (சூடா இருக்கையில ஊத்தினா பால் திரிஞ்சிரும்னு அண்ணாச்சிதான் ஆறவிட சொன்னார்). பிள்ளைங்க டம்ளர் டம்ளரா குடிச்சு காலி பண்ணிட்டாங்க, மாப்பிள்ளையோட அம்மா வந்து "இது என்ன பாயாசம், எங்க பக்கம் செய்ய மாட்டோமே, எப்படி செய்யணும்"னு கேக்கறாங்க. நான் என்னத்த சொல்ல, தண்ணிய அஞ்சரையால பெருக்கணும்னா சொல்ல முடியும்? எங்க வீட்டு பழக்கம்னு சொல்லிட்டேன். மதினி அந்தப் பக்கம் திரும்பி நின்னு சிரிக்கறா.

அண்ணாச்சி திண்ணைல உக்காந்துட்டு சொன்னத எங்க பையன் நோட்டுல எழுதினான், அத உங்களுக்கு சொல்லணும்னுதான் இந்தக் கடிதமே. அவர் கேட்டார், "சின்னச் சட்டில ஆறு டம்ளர் தண்ணி வச்சா ஒண்ணரை டம்ளர் ஆவியா போயிரும், அண்டாவுல முப்பத்திமூணு வச்சா அதே மாதிரி எட்டு டம்ளர் போவுமா?" போகாது. ஆவியா போறது பாத்திரத்தோட வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் கொதிக்குதுங்கறத பொறுத்தது, உள்ள எத்தன கப் இருக்குங்கறத பொறுத்தது இல்ல. நாலு பேரு குறிப்புல எழுதியிருக்கற தண்ணில முக்கா பங்கு அரிசிக்கு, மீதி காத்துக்கு. காத்துக்கு போற பங்க நாம எதுக்கு பெருக்கணும்? இத நான் பிளஸ் டூ வரைக்கும் இயற்பியல் படிச்சும் யோசிக்கல.

அதே மாதிரி உப்பு. உங்க குறிப்புல எல்லாத்துலயும் 'உப்பு தேவையான அளவு'. யாருக்கு தேவையான அளவு சார்? எனக்கு தேவைன்னுதான் நான் பேப்பர பாக்கறேன். இதுல கல்லுப்பா தூளுப்பான்னு வேற இல்ல. ஒரே ஸ்பூன்ல தூளுப்புதான் எடை கூட பிடிக்கும், கல்லுப்பு இடைவெளி விட்டு நிக்கும், ஊர்ல இருக்கறது கல்லுப்பு எனக்கு பழக்கம் தூளுப்பு. அண்ணாச்சி கணக்கு என்னன்னா மொத்தத்துல முக்கா பங்கு உப்பு மட்டும் முதல்ல போடு, கொதி வந்து இறக்கறதுக்கு முன்னாடி வாயில வச்சு பாத்துட்டு மீதிய போடு, காரத்துக்கும் புளிக்கும் இதேதான், கூடிப்போச்சுன்னா இருபது பேரு சாப்பாட்ட தூக்கி கொட்ட முடியாது பாத்துக்க, அப்படின்னார். 'கப்'புங்கறீங்களே அது எந்த கப்பு? எங்க வீட்ல காப்பி கப் ஒண்ணு, அரிசி அளக்கற டம்ளர் ஒண்ணு, அத்தையோட பித்தளை உழக்கு ஒண்ணு. அத்தை கணக்குல ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி, அந்தப் படில அரிசி அளந்து தராசுல வச்சா ஒரு கிலோ நானூறு கிராம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் எனக்கு தலை தெளிஞ்சுது. கிராம்ல போடுங்க, இல்ல மில்லில போடுங்க, கப்புன்னு மட்டும் மொட்டையா போடாதீங்க.

சரி நல்லா வந்தத சொல்றேன்னேன்ல. சிறுகிழங்கு. இத உங்க இணைப்புல ஒரு இடத்துல கூட காணோம், அதுதான் எனக்கு பெரிய வருத்தம், திருநெல்வேலி தென்காசி பக்கம் சிறுகிழங்கு இல்லாம பொங்கல் உண்டா? மார்கழி கடைசில இருந்து தை வரைக்கும் பாவூர்சத்திரம் மார்க்கெட்ல மண்ணோட மூட்டை மூட்டையா வந்து இறங்கும், வருஷத்துல மத்த நாள் கண்ணுல கூட படாது, தாம்பரத்துல கேட்டா கடைக்காரர் சேப்பங்கிழங்க காட்டுறார். இதுல கஷ்டமே தோல் எடுக்கறதுதான், ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு சைஸ், கத்தியால சீவினா கிழங்கே மிஞ்சாது, கை பூரா கறுப்பு கறை பிடிச்சு ரெண்டு நாளைக்கு போகாது. போகி அன்னைக்கு சாயங்காலம் நாலரை கிலோ கிழங்க ஒரு மணி நேரம் தண்ணில ஊறப்போட்டு, சாக்குப் பையில கட்டி, கல்லு தரைல அடிச்சு தேய்ச்சோம், துணி துவைக்கற மாதிரி. பசங்கள விட்டுதான். முக்காவாசி தோல் அதுலயே போயிரும், மிச்சத்த உக்காந்து சுரண்டணும். மாப்பிள்ளைப் பையன், புது மாப்பிள்ளை, வேட்டிய மடிச்சு கட்டிட்டு அவரும் வந்து சாக்க பிடிச்சு அடிச்சார், வேணாம் வேணாம்னாலும் கேக்கல, எங்க அத்தைக்கு அவர பிடிச்சுப் போனதே அந்த எடத்துலதான்னு நெனைக்கறேன்.

பொரியல் பெரிய வித்தையே இல்ல, மஞ்சப்பொடி உப்பு போட்டு வேகவச்சு வடிச்சு, கடுகு உளுந்து கறிவேப்பிலை தாளிச்சு, தேங்கா, சீரகம், மிளகா வத்தல், ரெண்டு சின்ன வெங்காயம் ஒண்ணும் பாதியுமா தட்டிப் போட்டு புரட்டி எடுக்கறதுதான். ஆனா வேகறதுல பாருங்க, வீட்ல நாலு பேருக்குன்னா குத்திப் பாத்து வெந்ததும் அடுப்ப அணைப்போம். அண்டாவுல அப்படி அணைச்சா களி. அவ்வளவு பெரிய பாத்திரம், அவ்வளவு கிழங்கு, அந்த சூடு சட்டுனு எறங்காது, அடுப்ப அணைச்ச பிறகும் பத்து நிமிஷம் உள்ள வெந்துக்கிட்டேதான் இருக்கும். முக்கா வேக்காட்டுல எறக்கு, மிச்சத்த அண்டா பாத்துக்கும்னு அண்ணாச்சி சொன்னத அப்படியே செஞ்சேன். கிழங்கு ஒண்ணு கூட உடையல. அவியலுக்கும் இதேதான். அவியல் பாதில சிலிண்டர் தீந்து போச்சு, வீட்டு சிலிண்டர் 14.2 கிலோதான, நாலு நாளா அண்டா ஏத்தி எறக்கினா எத்தன நாள் தாங்கும். இத யாரும் முன்கூட்டி யோசிக்கல. அண்டாவ ரெண்டு பேரு பிடிச்சு வாசல்ல பொங்கல் வச்ச கட்டிக்கு தூக்கிட்டு போய் மிச்ச பனை ஓலைலதான் முடிச்சோம். அவியல்ல அந்தப் புகை வாசம் லேசா ஏறி, தேங்காண்ணையோட சேந்து, என்னமோ வேணும்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு.

இடிசாம்பார் முழுக்க அக்காவோட கைவண்ணம், அதாவது பெரிய அத்தான் சம்சாரம். மல்லி, மிளகா வத்தல், துவரம்பருப்பு, உளுந்து, மிளகு, வெந்தயம், சீரகம், தேங்காத்துருவல் எல்லாத்தையும் தனித்தனியா வறுத்து பெருங்காயத்தோட உரல்ல போட்டு இடிச்சாங்க. மிக்சில அரைச்சுருவோம்க்கான்னு சொன்னேன், "மிக்சில அரைச்சா அதுக்கு பேரு இடிசாம்பாரா"ன்னு ஒரே போடா போட்டாங்க. ஊர்ல நாப்பது வருஷத்து கல்லுரல், உலக்கை பிடிச்சு ரெண்டு பேரு மாத்தி மாத்தி இடிக்கணும், ஜிம்முக்கு போற அத்தான் மகன் ஏழு நிமிஷத்துல உக்காந்துட்டான், அக்கா ஐம்பத்தாறு வயசுல மூச்சு வாங்காம இடிக்கறாங்க. கத்திரிக்கா, முருங்கக்கா, அவரைக்கா, பூசணி, சீனிக்கிழங்குன்னு பதினோரு காய் எண்ணிப் போட்டாங்க, எண்ணிக்கை ஒத்தப்படைல வரணுமாம். அதுல சேனைய நறுக்க என் வீட்டுக்காரர்ட்ட குடுத்தது தப்பு, காய கழுவிட்டு நறுக்கியிருக்கார். சேனைய காய்ஞ்ச கையோட நறுக்கிட்டு அப்புறம்தான் கழுவணும். மனுஷன் ஒரு மணி நேரம் புளித்தண்ணிய கைல தேய்ச்சுக்கிட்டு முற்றத்துல நடந்தார்.

சோறு எங்க வயல் அரிசி, அம்பை 16. இந்த நெல்லு எங்க அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1986ல வந்தது, அம்பைன்னு பேருலயே இருக்கு பாருங்க. குட்டையா குண்டா இருக்கற அரிசி, கடையில நீளமா வெள்ளையா இருக்கறத வாங்கி பழகின பிள்ளைங்க முதல்ல மூஞ்சிய சுளிச்சுதுங்க, சாம்பார் ஊத்தினதும் பேச்சு இல்ல. ரெண்டு படி வடிச்சோம், இருபத்திரெண்டு பேருக்கு மத்தியானம் போக ராத்திரிக்கும் மிஞ்சுச்சு, மிஞ்சணும்னுதான் வடிச்சதும். ஏன்னா நிஜமான விருந்து மறுநாள்தான்.

இத எழுதத்தான் எனக்கு கை துறுதுறுங்குது. மறுநாள எங்க ஊர்ல கரிநாள்னு சொல்லுவோம். அன்னைக்கு காலைல அடுப்புல புதுசா எதுவும் கிடையாது. முதல் நாள் ராத்திரியே மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருவாங்க. மிஞ்சின சாம்பார், அவியல், பொரியல், கிழங்கு எல்லாத்தையும் ஒரே சட்டில கொட்டி, தேங்கா போட்டது ராத்திரி தாங்காதுன்னு படுக்கறதுக்கு முன்னாடியே நல்லா ஒரு கொதி விட்டு எறக்கி, காலைல எந்திரிச்சு மறுபடி சின்ன தீயில வச்சு சுண்ட விடுவாங்க. தண்ணி சேக்கக்கூடாது, எண்ணெய் கூட வேணாம், இனிப்பு போட்ட பச்சடி மட்டும் அதுல விழுந்திரக்கூடாது. அது சுண்டி சுண்டி கறுத்து, எது சேனை எது வாழைக்கான்னு தெரியாம கொழைஞ்சு, ஒட்டிக்கிட்டு வரும். அதான் சுண்டக்கறி. பழைய சோத்த பிழிஞ்சு வச்சு, மோர் ஊத்தி, அந்தக் கறிய ஒரு உருண்டை ஓரமா வச்சு சாப்பிட்டா, அய்யோ. மூணு நாள் கண்ணு முழிச்சு, உலக்கை பிடிச்சு, அண்டா தூக்கி நாங்க செஞ்ச எதுக்கும் கிடைக்காத பேரு மிச்சத்துக்கு கிடைச்சுது. மாப்பிள்ளையோட அப்பா, கொஞ்சம் கறாரான மனுஷன், முதல் நாள் இலைல பாதி வச்சுட்டு எந்திரிச்சவர், கரிநாள் அன்னைக்கு மூணு தடவ கறி கேட்டார், கடைசில சட்டிலயே சோத்த போட்டு பிசைஞ்சு குடுங்கன்னார். அத்தை கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்து அவங்க கையாலயே பிசைஞ்சு ஆளுக்கு ஒரு உருண்டை கைல வச்சாங்க, முட்டிவலி எங்க போச்சுன்னு தெரியல. அப்புறம் மிச்சத்த தூக்குவாளில போட்டு எடுத்துட்டு, அவிச்ச பனங்கிழங்கு ஒரு கட்டோட தாமிரபரணிக்கு கிளம்பிட்டோம், ஆத்துல குளிச்சிட்டு படித்துறைல உக்காந்து பனங்கிழங்க நாரு உரிச்சு பீலிய எடுத்துப் போட்டு தின்னுகிட்டே சாயங்காலம் ஆயிருச்சு.

சுண்டக்கறிய உங்க இணைப்புல நான் எந்த வருஷமும் பாத்ததில்ல. சாக்லேட் பொங்கல் போடறீங்க, ஓட்ஸ் பொங்கல் போடறீங்க, பீட்ரூட் பொங்கல்னு செவசெவன்னு ஒரு போட்டோ. யாராவது செய்றாங்களான்னு எனக்கு நெசமாவே சந்தேகம். போட்டோவுக்கு சுண்டக்கறி நல்லா இருக்காதுதான், ஒத்துக்கறேன், பாக்க தார் ரோடு போடற மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாளுங்க கிளம்பற அன்னைக்கு சொதி வச்சேன். மறுவீட்டுக்கு வைக்கற அதே சொதிதான், பாசிப்பருப்பும் தேங்காப்பாலும், தொட்டுக்க இஞ்சிப் பச்சடியும் உருளக்கிழங்கு சிப்சும். இந்தத் தடவ பேப்பரயும் பாக்கல, டேபிளும் போடல, நோட்ட மட்டும் பாத்தேன். ஏழு தேங்கா. மூணாம் பால்ல காய வேகவச்சு, ரெண்டாம் பால ஊத்தி கொதிக்கவிட்டு, முதல் பால கடைசில ஊத்தி நொர கட்டும்போதே எறக்கியாச்சு, முதல் பால் கொதிச்சா திரிஞ்சு எண்ணெய் பிரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் எறக்கி சூடு கொஞ்சம் அடங்கின பிறகுதான் பிழிஞ்சேன். பச்சமிளகாயும் உப்பும் முக்கா பங்குலயே போதுமா இருந்துச்சு, மீதிய போடவே இல்ல. அண்ணாச்சிக்கு ஒரு தூக்குல குடுத்து விட்டேன், தூக்கு கழுவி திரும்பி வந்துச்சு, உள்ள ரெண்டு வெத்தல, ஒரு பாக்கு.

அதனால என் கோரிக்கை என்னன்னா, அடுத்த வருஷ இணைப்புல பாதி பக்கம், பாதி பக்கம் போதும், இந்த மாதிரி கல்யாண வீட்டுக்கு சமைச்ச வயசான ஆளுங்க ஊருக்கு ஒருத்தராவது இருப்பாங்க, அவங்களத் தேடிப் பிடிச்சு இருபத்தஞ்சு பேருக்கு அளவு கேட்டு போடுங்க. எத முதல் நாளே செஞ்சு வைக்கலாம், எது தாங்காது, ரெண்டு பர்னர் இருக்கற வீட்ல எத எதுக்கு அப்புறம் ஏத்தணும், தண்ணி கூடிப்போனா என்ன செய்யணும், இதெல்லாம் போடுங்க. எல்லா குறிப்பும் 'சூடாகப் பரிமாறவும்'னு முடியுது, இருபத்திரெண்டு பேருக்கு எப்படி சார் ஒரே நேரத்துல சூடா பரிமாறறது, முதல் பந்தியில பிள்ளைங்கள உக்கார வைக்கணுமா பெரியவங்களயான்னே எங்க வீட்ல கால் மணி நேரம் பஞ்சாயத்து.

எங்க நோட்டுல இருந்து கொஞ்சம் இங்கயே எழுதறேன், இடம் இருந்தா போடுங்க. இருபத்திரெண்டு பேருக்கு மத்தியான சாப்பாட்டுக்கு அரிசி ரெண்டு படி, அதாவது ரெண்டு கிலோ எண்ணூறு, இதுல ராத்திரிக்கும் பழைய சோத்துக்கும் மிஞ்சும். சாம்பாருக்கு துவரம்பருப்பு முக்கா கிலோ. சிறுகிழங்கு மண்ணோட நாலரை கிலோ வாங்கினா தோல் போக மூணு கிலோதான் நிக்கும், அது ஆளுக்கு ரெண்டு கரண்டி. சக்கரப் பொங்கலுக்கு அரிசி ஒரு கிலோ, பருப்பு கால் கிலோ, வெல்லம் ரெண்டு கிலோ, பாலும் தண்ணியும் சேத்து அஞ்சரை லிட்டர்ல ஆரம்பிச்சு, பக்கத்துல ஒரு சட்டில வெந்நீர் வச்சுக்கிட்டு, தேவைப்பட்டா மட்டும் ஊத்துங்க. எட்டு லிட்டர் ஊத்தாதீங்க, ஊத்தினா பக்கத்துல தூக்குவாளியும் கருப்பட்டியும் ரெடியா வச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்.

பி.கு: கடிதத்த சுருக்கி போட்டாலும் பரவால்ல, சுண்டக்கறிங்கறத மட்டும் சுண்டல் கறின்னோ சுண்டக்கா கறின்னோ திருத்திராதீங்க. ஊர்ல அத்தை எழுத்துக்கூட்டி பேப்பர் படிப்பாங்க.